கான்ராத் நீட்டிய கை

ஒட்டிலியா: இன்னொரு தடவை சொல்லு. எந்தக் கை?

லீஸ்பெத்: எத்தனை தடவைம்மா சொல்றது? இடது கைதான்.

ஒட்டிலியா: என் பிள்ளைக்கு இடது கையே கிடையாது. சண்டையில போன கை. பட்டாளத்துல சவரமும் ரணவைத்தியமும் பண்ற உங்கப்பன்தானே ரம்பத்தை வச்சு அறுத்தான்?

லீஸ்பெத்: அறுத்ததாலதான் உங்க பிள்ளை உயிரோட வீடு வந்து சேர்ந்தார்.

ஒட்டிலியா: வரும்போது உன்னையும் கூட்டிக்கிட்டு வந்தான். அப்பன் ஒரு கையை வெட்டிப் போட்டான், மக மிச்சம் இருந்த கையைப் பிடிச்சுக்கிட்டா.

லீஸ்பெத்: மிச்சக் கையை எங்கே பிடிக்க விட்டீங்க? "சவரக்கத்தி பிடிக்கிறவன் மகளுக்கு என் பிள்ளை வலது கை கொடுக்கக் கூடாது, இடது கை இல்லேன்னா மரத்துல செஞ்சு மாட்டுங்க"... யார் சொன்னது அது?

ஒட்டிலியா: நான்தான்.

லீஸ்பெத்: ஞாபகம் இருக்கே. சந்தோஷம்.

ஒட்டிலியா: மெதுவாப் பேசு. அடுத்த கூடத்துல பேரரசரோட ஆணையர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். பக்கத்துலயே ஆல்ப்ரெக்ட் வேற.

லீஸ்பெத்: இன்னுமா சாப்பிடறாங்க?

ஒட்டிலியா: மான்கறி வரைக்கும் வந்திருக்காங்க. சாப்பிட்டு முடிச்சதும் மேஜையைத் துடைச்சு பைபிளைக் கொண்டுவந்து வைப்பாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான். கல்யாணத்தன்னிக்கு ஆலயத்துல கான்ராத் உனக்கு எந்தக் கையைக் கொடுத்தான்? வலதுன்னா நீ முறையான பெண்டாட்டி, உன் பிள்ளை யோஸ்ட் இந்த லிண்டன்ஃபெல்டுக்குக் கோமகன். இடதுன்னா...

லீஸ்பெத்: இடதுன்னா இத்தனை வருஷம் என்னவா இருந்தேனோ அதேதான். சாப்பாட்டு மேஜையில நாற்காலி கிடையாது. ஜெபத்துல பேர் கிடையாது. நேத்து அவரைக் குழியில இறக்கினப்போ சமையல்காரங்களுக்குப் பின்னால நின்னேன். பெட்டி கூடக் கண்ணுக்குத் தெரியலை.

ஒட்டிலியா: அதெல்லாம் மாறும்னுதானே சொல்றேன்.

லீஸ்பெத்: நேத்து மாறலையே.

ஒட்டிலியா: நேத்து நான் என் ஒரே பிள்ளையைப் புதைச்சேன். யார் எங்கே நிக்கறாங்கன்னு பார்க்கற நாளா அது? ஆல்ப்ரெக்ட் யாரு, கான்ராத்தோட சித்தப்பா மகன். இந்த வீட்டு மேல அவனுக்குக் கண்ணு அவன் பிறந்ததுல இருந்தே. வாரிசு இல்லேன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும், சாயங்காலமே கோட்டை வாசல்ல அவன் கொடி பறக்கும்.

லீஸ்பெத்: பறக்கட்டும். எனக்கு ஆலை வீடு இருக்கு. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில அவர் எனக்கு எழுதிக் கொடுத்த பரிசு. அதை யாரும் பிடுங்க முடியாது. யோஸ்டைக் கூட்டிக்கிட்டுப் போய் மாவரைச்சுப் பிழைச்சுக்கறேன்.

ஒட்டிலியா: நாட்டை ஆளப் பிறந்தவன் மாவரைப்பானாமே!

லீஸ்பெத்: போன வாரம் வரைக்கும் உங்களுக்கு அவன் "அந்தப் பொடியன்". உங்க வாயால அவன் பேரைக் கேட்கறதே இன்னிக்குத்தான்.

ஒட்டிலியா: உன்கிட்ட வாய் கொடுத்து ஆகாது. போதகரே! அங்கே என்ன ஜன்னல் பக்கம் ஒளிஞ்சுக்கிட்டு? இப்படி வாரும்.

போதகர்: ஒளியலை தாயே... வெளிச்சத்துக்காக...

ஒட்டிலியா: கல்யாணம் பண்ணி வச்சவர் நீர். பார்த்ததைச் சொல்லும்.

போதகர்: எந்தப் பார்த்ததை தாயே? முன்னாடி சொல்லச் சொன்னீங்களே, அந்தப் பார்த்ததையா... நிஜமாப் பார்த்ததையா?

ஒட்டிலியா: நிஜமாப் பார்த்ததை!

போதகர்: "கையைக் கொடுங்க"ன்னு சொன்னேன். கோமகன் அந்த மரக்கையைத் தூக்கினார். தூக்கும்போதே வார் பட்டுன்னு விட்டுப்போச்சு. கை தரையில விழுந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எனக்குக் கைகால் ஓடலை. நிமிர்ந்து பார்க்கறேன்... கோமகன் வலது கையை நீட்டி இந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அப்படியே வசனத்தைச் சொல்லி முடிச்சுட்டேன்.

ஒட்டிலியா: கேட்டியா?

லீஸ்பெத்: கேட்கணுமா? பிடிச்ச கை என்னோடது.

ஒட்டிலியா: அப்புறம் எதுக்கு இடது இடதுன்னு பிடிவாதம்?

லீஸ்பெத்: அன்னிக்கே என்னையும் போதகரையும் நிக்க வச்சு என்ன சொன்னீங்க? "நடந்தது இடதுகைக் கல்யாணம். வேற மாதிரிப் பேசினா நாக்கு இருக்காது." நாக்கும் வேணும், சோறும் வேணும். சொல்லிச் சொல்லி அதுவே பழகிப்போச்சு.

போதகர்: எனக்கும்தான் தாயே. கோமகனுக்கு வேற சம்பந்தம் பேசி ஆள் வந்தப்போ கூட, இடதுன்னுதான் சொல்லி அனுப்பினேன்.

ஒட்டிலியா: அது பேச்சுக்குச் சொன்னது. இது சத்தியம் பண்ணிச் சொல்றது.

போதகர்: அதுல ஒரு விஷயம் தாயே... வலதுன்னு ஆயிட்டா இவங்களுக்கும் ஒரு...

லீஸ்பெத்: நான் இடதுன்னுதான் சொல்வேன்! ஊரே கூடி வந்தாலும் இடதுதான்!

ஒட்டிலியா: கத்தாதே! போதகரே, நீரும் குறுக்கே பேசாதீர்.

போதகர்: இல்லை தாயே, வீட்டுச் சட்டத்துல...

ஒட்டிலியா: சட்டத்தை எனக்குச் சொல்லித் தர்றீரா? கான்ராத் பால்பல் விழாத பிள்ளையா இருக்கும்போது அவன் அப்பா போனார். பிள்ளைக்குக் காவலா உட்கார்ந்து, அவன் மீசை முளைக்கிற வரைக்கும் இந்த நாட்டை ஆண்டவ நான். போய் அவங்க எது வரைக்கும் சாப்பிட்டிருக்காங்கன்னு கதவிடுக்குல பாரும்.

போதகர்: ...பழ அப்பம் வந்தாச்சு தாயே.

ஒட்டிலியா: லீஸ்பெத். இங்கே பாரு. நான் உன்னைக் கெஞ்ச மாட்டேன்.

லீஸ்பெத்: தெரியும்.

ஒட்டிலியா: என்ன வேணும் உனக்கு?

லீஸ்பெத்: ஒரே ஒரு கேள்விக்குப் பதில். நான் வலதுன்னு சொன்னேன்னே வைங்க. இன்னிக்கு யோஸ்ட் எங்கே படுப்பான்?

ஒட்டிலியா: கோமகன் படுக்கிற அறையில.

லீஸ்பெத்: நான்?

ஒட்டிலியா: உனக்குத்தான் ஆலை வீடு இருக்கே.

லீஸ்பெத்: இந்த வாரம் முடிஞ்சதும் அவன் எங்கே படுப்பான்?

ஒட்டிலியா: இது என்ன குதர்க்கம்?

லீஸ்பெத்: நேத்து தையல்காரன் வந்து யோஸ்டுக்கு அளவெடுத்தான். துக்கத்துக்குக் கறுப்பு தைக்கிறான்னு நினைச்சேன். துணியைப் பிரிச்சா பச்சை. நம்ம வீட்டுக்கு நீலம்தானேம்மா? பச்சை யாரோடது?

போதகர்: பச்சை எபர்ஸ்ரீடோட... ஆல்ப்ரெக்ட் பிரபு வீட்டு...

ஒட்டிலியா: வாயை மூடும்!

லீஸ்பெத்: அவர் மூடினாலும் துணி பேசுதே. என் பிள்ளையை ஆல்ப்ரெக்ட் வீட்டுக்கு அனுப்பப் போறீங்க. சொல்லுங்கம்மா.

ஒட்டிலியா: ஆமா. அவன் மகளுக்கும் யோஸ்டுக்கும் பேசி முடிச்சாச்சு.

லீஸ்பெத்: அந்தப் பொண்ணுக்குப் பதினோரு வயசு. என் பிள்ளைக்கு அஞ்சு.

ஒட்டிலியா: வளரவே மாட்டானா? இல்லேன்னா ஆல்ப்ரெக்ட் வாயை எதை வச்சு அடைக்கிறது? அவன் மக நாளைக்கு இங்கே கோமாட்டி. அதுக்காக இன்னிக்கு அவன் எதிர்க்க மாட்டான். பையன் அவன் அரண்மனையில வளருவான். நான் இங்கே பையன் பேரால நாட்டைப் பார்த்துக்குவேன். எங்க வீடுகள்ல இப்படித்தான். எனக்கு என் புருஷன் படத்தை மட்டும் அனுப்பினாங்க. படத்துல இருந்த மூக்கு ஒண்ணு, வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தா மூக்கு வேற. என்ன செய்ய முடிஞ்சது?

போதகர்: பெரிய கோமகனுக்கு மூக்கு கொஞ்சம்...

ஒட்டிலியா: போதகரே!

லீஸ்பெத்: உங்களை எந்த வயசுல அனுப்பினாங்க?

ஒட்டிலியா: எட்டு. புருஷன் வீட்டு முறையில வளரணும்னு அனுப்பினாங்க. அழுதுக்கிட்டேதான் வந்தேன். செத்தா போயிட்டேன்?

லீஸ்பெத்: இல்லை. இப்படி ஆயிட்டீங்க.

ஒட்டிலியா: ...உன்னை அறைஞ்சிருப்பேன். வேற நாளா இருந்தா.

லீஸ்பெத்: அவன் ராத்திரியில பயந்து எழுந்துக்குவான்மா. என் கை மேல பட்டாத்தான் திரும்பித் தூங்குவான். அங்கே யார் கையைத் தேடுவான்? முடியாது. இடது கை. மரக்கை. போய்ச் சொல்லிடறேன்.

ஒட்டிலியா: சொல்லு. அப்புறம் நடக்கறதையும் கேட்டுட்டுப் போய்ச் சொல்லு. நாடு ஆல்ப்ரெக்ட் கைக்குப் போகும். ஆனா ஆலயத்துல மரக்கை கீழே விழுந்த கதை சமையல்கட்டுல பாதிப் பேருக்குத் தெரியும். "இந்தப் பையன் வலதுகைப் பிள்ளைதானாமே"ன்னு எவனாவது சாராயக் கடையில உளறுவான். அது ஆல்ப்ரெக்ட் காதுக்குப் போகும். அவன் சும்மா விடுவானா? உன் ஆலை வீட்டு வாசல்ல குதிரை வந்து நிக்கும். பிள்ளையைக் கொண்டுபோய் எந்தக் கோட்டையில பூட்டினாங்கன்னு கூட உனக்குத் தெரியாது.

போதகர்: தாயே, அந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க... போதும்.

ஒட்டிலியா: போதாது. இவளுக்கு உறைக்கணும். கோமகனா இருந்தா அவனைத் தொடப் பயப்படுவாங்க. யாரோவா இருந்தா நசுக்கிப் போடுவாங்க. உன் பிள்ளை உயிருக்கு இந்த நாடுதான் இரும்புச் சட்டை. இந்தா, தண்ணி குடி. குடிம்மா. இனிமே என்னை அத்தைன்னே கூப்பிடு.

லீஸ்பெத்: நாக்குக்கு வரலைம்மா.

ஒட்டிலியா: வரும்.

லீஸ்பெத்: உங்களுக்கு இது நாடு. எனக்கு அந்தக் கை வேற. எல்லாரும் என்னைக் குப்பை மாதிரிப் பார்த்தாங்க. ஆனா அவர் மரக்கையை உதறிப் போட்டுட்டு, எல்லார் எதிரேயும் தன் கையை நீட்டினார். இத்தனை வருஷமும் அதை நினைச்சுத்தான் இந்த வீட்டுல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அதைப் போய் இப்போ ஆல்ப்ரெக்ட் மகளுக்கு வித்துத் தின்னச் சொல்றீங்க.

ஒட்டிலியா: அவனா உதறினான்?

லீஸ்பெத்: பின்னே?

ஒட்டிலியா: பைத்தியமே... அன்னிக்குக் காலையில அந்த மரக்கையை அவனுக்கு மாட்டி விட்டது யாரு?

லீஸ்பெத்: ...நீங்க.

ஒட்டிலியா: வாரைக் கட்டினது?

லீஸ்பெத்: நீங்க.

ஒட்டிலியா: இறுக்கிக் கட்டத் தெரியாதவளா நான்?

போதகர்: ஐயோ தாயே!

ஒட்டிலியா: என்ன ஐயோ? பிள்ளை பிடிவாதக்காரன், கட்டினா இவளைத்தான் கட்டுவேன்னான். சரி, கட்டிக்கோ. நாளைக்கு நல்ல சம்பந்தம் வந்தா நடந்தது இடதுகைக் கல்யாணம், தள்ளி வைக்கலாம். சம்பந்தமே வராம அவனுக்கு ஏதாவது ஆயிட்டா... நடந்தது வலதுகைக் கல்யாணம், வாரிசு இருக்கு. ரெண்டுக்கும் வழி வச்சுத்தான் வாரைத் தளர்த்தினேன். உன் பிள்ளை வயித்துல வர்றதுக்கு முன்னாடியே அவனுக்கு நாற்காலி போட்டு வச்சவ நான். என்னைப் போய்ப் பகைச்சுக்கறே.

லீஸ்பெத்: அப்போ... அவர் எனக்காகச் செய்யலை.

ஒட்டிலியா: கை விழுந்தது. இருந்த கையை நீட்டினான். அவ்வளவுதான்.

போதகர்: அழாதேம்மா.

லீஸ்பெத்: வார் உங்களால விழுந்தது. சரி. விழுந்ததும் அவர் நின்னிருக்கலாம். மரக்கையை எடுத்து மாட்டுங்கன்னு சொல்லியிருக்கலாம். பின்னால திரும்பி உங்களைப் பார்த்திருக்கலாம். பார்க்கலை. நீட்டினார்.

ஒட்டிலியா: அப்படியே வச்சுக்கோ. எனக்கென்ன நஷ்டம்? முடிவைச் சொல்லு.

லீஸ்பெத்: வருஷத்துக்கு ரெண்டு தடவை நான் அவனைப் பார்க்கணும். கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு.

ஒட்டிலியா: ஈஸ்டருக்கு மட்டும். கிறிஸ்துமஸுக்குப் பனி, வண்டி போகாது.

லீஸ்பெத்: நடந்தே போவேன்.

ஒட்டிலியா: ...சரி. ரெண்டும்.

லீஸ்பெத்: எழுதக் கத்துக்கிட்டதும் அவன் எனக்கு ரெண்டு வரி எழுதணும்.

ஒட்டிலியா: எழுதுவான். அவ்வளவுதானே?

லீஸ்பெத்: இன்னும் ஒண்ணு. நீங்க முதல்ல போய்ச் சொல்லணும்.

ஒட்டிலியா: எதுக்கு?

லீஸ்பெத்: இத்தனை வருஷம் உங்க வாயால இடது இடதுன்னே கேட்டுட்டேன். ஆல்ப்ரெக்ட் முன்னாடி, எல்லார் முன்னாடியும், என் மருமகளுக்கு என் பிள்ளை வலது கை கொடுத்தான்னு நீங்க சொல்றதை ஒரு தடவை கேட்கணும். அதைக் கேட்டுட்டா நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஒட்டிலியா: இதுக்குத்தானா இவ்வளவு அழுகை? என் தலையில ஒரு பாரத்தை ஏத்திட்டு, கடைசியில ஒரு வார்த்தைக்கு ஏங்கறா, பாரும் போதகரே. சரி, சொல்றேன். என் கறுப்பு முக்காட்டை எடும். கதவைத் திறந்தே வைங்க, இவளுக்குக் காது குளிரட்டும்.

போதகர்: ...போயிட்டாங்க.

லீஸ்பெத்: என்ன நடக்குது? பார்த்துச் சொல்லுங்க.

போதகர்: எழுந்து நிக்கறாங்க எல்லாரும். பைபிள் வந்தாச்சு. தாய் கையுறையைக் கழட்டறாங்க...

லீஸ்பெத்: கையை வச்சாங்களா?

போதகர்: இரும்மா... வச்சாச்சு. ஷ்... பேசறாங்க.

லீஸ்பெத்: கேட்கலையே...

போதகர்: "என் மகன் கான்ராத், லீஸ்பெத்துக்குத் தன் வலது கையைக் கொடுத்தான். கடவுள் சாட்சி"... சொல்லிட்டாங்க! உன் பேரைச் சொன்னாங்கம்மா!

லீஸ்பெத்: ஆல்ப்ரெக்ட்? அவர் என்ன பண்றார்?

போதகர்: ஆணையர் அவரைப் பார்த்து ஏதோ கேட்கிறார்... ஆட்சேபனை இருக்கான்னு. பிரபு மீசையைத் தடவறார்... "இல்லை"ன்னுட்டார். அவரும் பைபிளைத் தொட்டுட்டார். ஐயோ, என்னைக் கூப்பிடறாங்க!

லீஸ்பெத்: போங்க. நிஜமாப் பார்த்ததையே சொல்லுங்க.

ஒட்டிலியா: ...போதும்டா சாமி. காது குளிர்ந்ததா?

லீஸ்பெத்: கேட்டேன்.

ஒட்டிலியா: போதகர் முடிச்சதும் உன்னை ஒப்புக்குக் கேட்பாங்க. ஆமான்னு தலையாட்டிட்டு வந்து பிள்ளை சாமானைக் கட்டு. நாளைக்கு விடிஞ்சதும் ஆல்ப்ரெக்ட் வண்டி கிளம்புது.

லீஸ்பெத்: நாளைக்கேவா? இதை முன்னாடி சொல்லலையே.

ஒட்டிலியா: எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணுமா?

போதகர்: கோமாட்டியம்மா... ஆணையர் கூப்பிடறார்.

ஒட்டிலியா: இப்பத்தானே வந்து உட்கார்ந்தேன். வர்றேன்னு சொல்லும்.

போதகர்: உங்களை இல்லைங்க தாயே... இவங்களை.

ஒட்டிலியா: இவளையா? சாட்சிக்கா?

போதகர்: சாட்சி முடிஞ்சதுங்க. பிள்ளைக்குக் காவல் யாருன்னு... வீட்டுச் சட்டத்தை வாசிச்சார். வலது கை வாங்கின விதவையே பிள்ளைக்குக் காவல். பிள்ளை பெரியவனாகிற வரைக்கும் அவங்கதான் நாட்டைப் பார்த்துக்கணும். நான் அப்பவே சொல்ல வந்தேன் தாயே, நீங்கதான் குறுக்கே...

ஒட்டிலியா: அது நான்! அந்தச் சட்டத்தை வச்சுத்தான் நான் ஆண்டேன்!

லீஸ்பெத்: அப்போ நீங்க, அத்தை. இப்போ நான்.

ஒட்டிலியா: அது ராஜ வீட்டுல பிறந்தவளுக்கு எழுதினது! சவரக்கத்தி பிடிக்கிறவன் மகளுக்கு இல்லை!

லீஸ்பெத்: பிறந்த வீட்டைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. உங்க பிள்ளை எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கார். வலது கை கொடுத்துட்டா பிறந்த வீடு எதுன்னு யாரும் கேட்கறதில்லை.

ஒட்டிலியா: ஆல்ப்ரெக்ட் விட மாட்டான். சம்பந்தம் பேசி முடிச்சிருக்கேன் நான்.

லீஸ்பெத்: பேச உங்களுக்கு உரிமை இருந்தாத்தானே அது சம்பந்தம்? அவரும் இப்போ எதிர்க்க முடியாது. பைபிளைத் தொட்டுட்டார்.

ஒட்டிலியா: நீ... இடது இடதுன்னு உயிரை விட்டியேடி! இப்படி ஒரு எண்ணத்தை மனசுல வச்சுக்கிட்டா அழுதே?

லீஸ்பெத்: நேத்து அடக்கம் முடிஞ்சு எல்லாரும் உள்ளே போனதும் ஆணையர்கிட்ட போய் நின்னேன். "நீ வலதுன்னு சொன்னா செல்லாதும்மா, உனக்கு லாபம் இருக்கு. பெரிய கோமாட்டி சத்தியம் பண்ணணும்"னார். நானா வந்து வலதுன்னு சொல்லியிருந்தா, இவளுக்கு இதுல என்ன கிடைக்கும்னு நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பீங்க. யோசிச்சிருந்தா என் பிள்ளை நாளைக்கு அந்த வண்டியில இருப்பான். அழுதது பொய்யில்லை அத்தை, இடதுன்னு சொன்னதுதான் பொய். வழியை விடுங்க, யோஸ்ட் காலையில இருந்து மாடியில தனியா இருக்கான்.